வேலூர் வெயிலுக்கு யுபிவிசி ஜன்னல் தாங்குமா?

கேள்வி: பழைய மர ஜன்னல்களைக் கரையான் அரித்துவிட்டது. எல்லாரும் யுபிவிசி என்கிற கெட்டியான பிளாஸ்டிக் ஜன்னல் போடச் சொல்கிறார்கள். நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா, எதைப் பார்த்து வாங்குவது?
- ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: தரமானது என்றால் தாங்கும்மா. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது, மட்டமான சரக்கு சீக்கிரமே பழுப்பேறி வளைந்துவிடும். அதனால் கடையில் ஜன்னல் பிரேமில் வெட்டின துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்ளே பல அறைகளாகப் பிரிந்து, நடுவில் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் செருகியிருக்க வேண்டும், அது இல்லாமல் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். கண்ணாடி 5 மி.மீ. டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கியது) போதும்.

ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும். காற்று வேண்டிய படுக்கையறைக்குக் கதவு மாதிரி திறப்பதே நல்லது, ஆனால் வெளிப்பக்கம் கிரில் இருந்தால் இடிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொசுவலையும் சேர்த்தே விலை பேசுங்கள். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே ஒரு சன்ஷேடு இருந்தால் உதவும்.

அப்புறம், கரையான் யுபிவிசியை விட்டுவிட்டு உங்கள் கதவு நிலைக்குப் போகும். சுவருக்கும் தரைக்கும் மருந்தடித்த பிறகே ஜன்னல் வேலையைத் தொடங்குங்கள்.