சிட்னியில் உட்கார்ந்துகொண்டு வண்ணாரப்பேட்டையில் வீடு வாங்கலாமா?

தம்பி, வாடகை வீடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பழைய கார் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள். "பழைய வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ பக்கத்தில் ஒரு ஃபிளாட் வருகிறது. இங்கே பெக்ஸா தளத்தில் வீடு கைமாறுகிற மாதிரி அதையும் இங்கிருந்தே ஆன்லைனில் முடித்துவிடலாம்தானே?" மற்றதை விடுங்கள், இதற்குப் பதில் சொல்கிறேன்.

முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் அவர் புரோக்கராகத்தான் இருப்பார்.

நானும் ராயபுரத்துக்காரன்தான். வந்து இறங்கிய புதிதில் சிட்னியின் துங்காபியில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். ஜூலைக் குளிரில் ஹீட்டர் போட்டால் கரன்ட் பில் ஏறுகிறது என்று வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அவரும் தமிழர்தான். காலி செய்தபோது முன்பணத்தை முழுசாகத் தரவும் இல்லை. அந்த நிலைமையிலும் சனிக்கிழமை விருந்துகளில் எனக்குக் கிடைத்த ஒரே அறிவுரை, "ஊர்ல ஒண்ணு வாங்கிப் போட்டுடு" என்பதுதான். சொன்னவர்களில் பாதிப் பேர் தாங்கள் வாங்கிய மனையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஓட்டலில் கண்காட்சி போட்டு, டீயும் சமோசாவும் கொடுத்து, செங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற வயலைப் படத்தில் காட்டி விற்பார்கள். நம்மைப் போன்ற வெளிநாட்டுவாழ் இந்தியர்கள் விவசாய நிலம் வாங்க ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இடமில்லை என்பதை அந்த மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, பெக்ஸாவுக்கு வருவோம். இங்கே வீடு கைமாறும் சட்ட வேலையைப் பார்க்கிற இரு தரப்பு கன்வேயன்சர்களும் வங்கிகளும் ஒரே மின் பணியறைக்குள் வந்து டிஜிட்டல் கையெழுத்து போடுகிறார்கள். குறித்த நேரத்தில் பணம் ரிசர்வ் வங்கி வழியாகக் கைமாறுகிறது, கூடவே பெயர்மாற்றமும் நிலப் பதிவேட்டுக்குப் போய்விடுகிறது. பணம் போய் வீடு வராமல் தவிக்கிற இடைவெளியே கிடையாது. நியூ சவுத் வேல்ஸில் 2021 அக்டோபர் 11 முதல் காகித உரிமைச் சான்றையே ஒழித்துவிட்டார்கள்.

ஆனால் இந்த வசதி நிற்பது பழைய அஸ்திவாரத்தின் மேல். 1858இல் ராபர்ட் டாரன்ஸ் தெற்கு ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்த முறைப்படி, பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், அதற்கு அரசாங்கமே பொறுப்பு. நம் ஊரில் 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம். சார்பதிவாளர் பதிவது பத்திரத்தை மட்டுமே. விற்கிறவருக்கு அந்த வீடு உண்மையிலேயே சொந்தமா என்பதற்கு அவர் ஜாமீன் இல்லை. 2018இல் பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்த பிறகு நிறைய சுலபமாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். வில்லங்கத்தை இங்கிருந்தே இலவசமாகப் பார்க்கலாம், பதிவுக்கு நேரம் குறிக்கலாம். ஆனால் கணினி வேகமாக்கியது வேலையை. உரிமைக்கு உத்தரவாதம் அதனால் வந்துவிடவில்லை.

எங்கள் அப்பா வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் ஒரு கதவு எண், வரி ரசீதில் வேறு எண், வாசல் தகரத்தில் "ப.எண், பு.எண்" என்று இரண்டும் இருக்கும். கதவு எண்ணைப் போட்டு வில்லங்கம் தேடினால் ஒன்றுமே இல்லை என்று சுத்தமாக வரும். ஆர்.எஸ். எண் என்கிற மறுஅளவை எண்ணையும் பிளாக் எண்ணையும் போட்டால்தான் அத்தை எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம், சித்தப்பா வைத்த அடமானம், அதை மீட்ட ரசீது எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அதிலும் வராதவை இருக்கின்றன: பதிவு செய்யாத உயில், வாய்ப்பேச்சில் நடந்த பாகப்பிரிவினை, நீதிமன்றத்தில் கிடக்கும் வழக்கு. கணினியில் ஏறாத பழைய வருடங்களுக்கு மனு போட்டுக் கையால்தான் தேட வேண்டும்.

வடசென்னையில் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். ஒன்று கோயில் மனை. மேலே இருக்கிற கட்டடம்தான் விற்பவருடையது, தரைக்குக் கோயிலுக்கு வாடகை போய்க்கொண்டிருக்கும். இன்னொன்று வாரிய வீடு, அதாவது அரசின் வீட்டு வாரியம் ஒதுக்கியது. ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டி விற்பார்கள், வாரியம் அவருக்கு விற்பனைப் பத்திரமே எழுதிக் கொடுத்திருக்காது. மெட்ரோ வந்த பிறகு விலை ஏறியதில் இதையெல்லாம் கேட்கிறவர்களைப் புரோக்கர்கள் சந்தேகப் பிராணி என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். உள்ளூர் வக்கீல் ஒருவரிடம், புரோக்கர் கூட்டிவந்தவரிடம் இல்லை, மூலப்பத்திரம் முதல் எல்லாவற்றையும் கொடுத்துக் கருத்து வாங்குங்கள்.

பிறகு பவர், அதாவது உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்திட ஒருவருக்குக் கொடுக்கிற அதிகாரப் பத்திரம். பொது அதிகாரம் கொடுக்கவே கூடாது. அப்பாவுக்கே கொடுத்தாலும் இந்த ஒரு ஃபிளாட், இந்தச் சர்வே எண், பதிவுக்குக் கையெழுத்திட மட்டும் என்று எழுதுங்கள். இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பினால், ஊரில் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அதேபோல் விற்கிறவர் "பவர் பத்திரம் போட்டு அக்ரிமென்ட் எழுதிக்கலாம், ரிஜிஸ்தர் செலவு மிச்சம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிச் செய்வது உரிமை மாற்றமே ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. 7 சதவீத முத்திரைத்தீர்வையையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணத்தையும் மிச்சப்படுத்தப் போய் வீட்டையே விட்டவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். விருந்துகளில் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

பணத்தை, வெளிநாட்டுவாழ் இந்தியர்களுக்கென்று இந்திய வங்கிகளில் இருக்கிற என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து நேராக விற்பவர் கணக்குக்கு அனுப்புங்கள். மச்சான் கணக்கு வழியாக வேண்டாம். மின்னஞ்சலில் "கணக்கு எண் மாறிவிட்டது" என்று வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற நம்பரில் கூப்பிட்டுக் கேளுங்கள். இது இங்கேயும் பொருந்தும். பெக்ஸாவைச் சுற்றி நடந்த திருட்டுகளில் பல, வாடிக்கையாளருக்கும் கன்வேயன்சருக்கும் இடையே போன மின்னஞ்சலில் புகுந்து நடந்தவைதான்.

நாங்கள் இங்கே வீடு வாங்கிய அன்று நான் வேலையில் இருந்தேன். மதியம் கன்வேயன்சர் போன் செய்து முடிந்தது, சாவியை ஏஜென்டிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்காரி, "பத்திரம் எங்கே?" என்றாள். பத்திரம் கிடையாது என்றால் நம்பவே இல்லை. அவளுடைய மாமனார் பத்திரத்தைத் துணியில் சுற்றி, பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலை போட்டு, ட்ரங்க் பெட்டியின் அடியில் வைத்திருந்தவர். ராயபுரத்தில் மழைத்தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் பரண்மேல் ஏறுவது அந்தப் பெட்டிதான், பிறகுதான் நாங்கள்.

நீங்கள் இங்கேயே வாங்கலாம் என்று நினைத்தாலும் பொறுங்கள். தற்காலிக விசாக்காரர்கள் 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்கத் தடை இருக்கிறது. பிஆர் என்கிற நிரந்தர வசிப்புரிமை வரட்டும்.

வாடகை, கார் பற்றியெல்லாம் இப்போது வந்தவர்கள் யாராவது சொல்லட்டும். நான் வாடகைக்கு இருந்து நாளாகிவிட்டது. அந்த ஃபிளாட்டின் ஆர்.எஸ். எண்ணை அப்பாவிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.