ஊசி போடாத டாக்டர்

வணக்கம் அம்மா. ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் உங்கள் பெண், முதுநிலையில் அனாட்டமிதான் (உடற்கூறியல்) எடுப்பேன், அப்புறம் எலும்பு ஆராய்ச்சி, மானிடவியல் என்று போவேன் என்கிறார். "ஊசி போடாத டாக்டருக்கா இத்தனை வருடம் படிக்க வைத்தோம்?" என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ரேங்க் கிடைக்காமல் அந்தத் துறைக்கு வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. கவுன்சிலிங் முடிந்த பிறகும் அந்த இடங்கள் காலியாகக் கிடப்பதும் உண்டு. ஆனால் வேறு வழியில்லாமல் எடுப்பவரையும் விரும்பிக் கேட்டு எடுப்பவரையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. விரும்பி எடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெண்ணையும் படிக்கச் சொல்லுங்கள்.

வில்லியம் மான்டேக் காப். அமெரிக்கக் கறுப்பினத்தவர். 1904இல் வாஷிங்டனில் அச்சுத் தொழில் செய்தவரின் மகனாகப் பிறந்தார். 1929இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். கறுப்பின மருத்துவர்களைப் பல மருத்துவமனைகள் உள்ளேயே விடாத காலம் அது. ஒரு கிளினிக் திறந்திருந்தால் சம்பாத்தியத்துக்கும் மரியாதைக்கும் குறைவிருந்திருக்காது. அவர் திறக்கவில்லை. அதே வருடம் ஹோவர்ட் மருத்துவக் கல்லூரியின் முதல் கறுப்பின டீனாக நூமா ஆடம்ஸ் பொறுப்பேற்றார். நல்ல இளைஞர்களாகப் பார்த்துப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மேற்படிப்புக்கு அனுப்பி, திரும்ப அழைத்துப் பேராசிரியர்களாக்குவது அவருடைய திட்டம். காப் அப்படித்தான் கிளீவ்லாந்துக்குப் போனார். படித்து முடித்துத் திரும்பினால் உட்கார ஒரு நாற்காலி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கிளம்பியவர் அவர். வெறும் ஆசையை மட்டும் நம்பிப் போகவில்லை.

கிளீவ்லாந்தில் இருந்தவர் அனாட்டமிப் பேராசிரியர் விங்கேட் டாட். அவரிடம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகளின் தொகுப்பு இருந்தது. இறந்தவரின் வயது, பால், இறப்புக்கான காரணம் எல்லாம் எழுதிவைக்கப்பட்டிருந்தன. இது ஏன் பெரிய விஷயம் என்றால், வயது தெரிந்த எலும்பு கையில் இருந்தால்தான் வயது தெரியாத எலும்பைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். மண்டையோட்டின் தையல்கள், அதாவது அதன் எலும்புகள் சேரும் கோடுகள், மூடுவதைப் பார்த்து வயதைச் சொல்லும் முறையைக் காப் ஆராய்ந்தார். அது அவ்வளவு நம்பகமானதல்ல என்று கண்டார். 1932இல் முனைவர் பட்டம் வாங்கினார். (அந்தத் தொகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் உரிமை கோர ஆளில்லாத ஏழைகள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று அதைத் தவறென்று சொல்பவர்கள் பலர். இந்தத் துறைக்கு வருகிறவர் இதையும் தெரிந்துகொண்டு வர வேண்டும்.)

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது ஓட்டக்காரர்கள் விஷயம். கறுப்பின வீரர்கள் வேகமாக ஓடுவதற்குக் காரணம் குதிகால் எலும்பும் கெண்டைக்காலும்தான், அவர்கள் உடல் அமைப்பே வேறு என்று அப்போது பலர் பேசிக்கொண்டிருந்தார்கள். காப் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. அப்போதைய புகழ்பெற்ற கறுப்பின ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸின் காலை அளந்தார். எக்ஸ்ரே எடுத்தார். 'கறுப்பினக் கால்' என்று எதைச் சொன்னார்களோ, அது ஓவன்ஸிடமே இல்லை. 1936 ஜனவரியில் கட்டுரை வெளிவந்தது. அதே வருடம் ஆகஸ்டில்தான் பெர்லின் ஒலிம்பிக்கில் ஓவன்ஸ் நான்கு தங்கப் பதக்கம் வென்றார். பதக்கத்துக்குப் பிறகு எழுதியிருந்தால் யாரும் எழுதியிருக்கலாம்.

ஹோவர்டுக்குத் திரும்பிய காப், அங்கே இல்லாத ஆய்வகத்தைத் தானே உருவாக்கினார். எழுநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளைச் சேர்த்தார். 1947 முதல் 1969 வரை துறைத் தலைவர். ஆயிரக்கணக்கான டாக்டர்கள் அவரிடம் அனாட்டமி படித்தார்கள். மாணவர்களுக்கு வயலின் வாசித்துக் காட்டுவாராம்.

கிளினிக்கே திறக்காத இவர்தான் கறுப்பின மருத்துவர் சங்கத்தின் இதழை 1949 முதல் 1977 வரை நடத்தினார். மருத்துவமனைகளில் இனப்பிரிவினையை ஒழிப்பதற்காக 1957 முதல் 1963 வரை வருடா வருடம் மாநாடு கூட்டினார். அமெரிக்க உடல்சார் மானிடவியலாளர் சங்கத்துக்கும் தலைவராக இருந்தார். 1990இல், 86 வயதில் இறந்தார்.

சரி, இனி உங்கள் வீட்டு விஷயம். எம்.டி. அனாட்டமியில் கிளினிக் வருமானம் இருக்காது. மருத்துவக் கல்லூரி வேலையும் அதன் சம்பளமும்தான். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அதே சமயம், முதலாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்கள் இருக்கும் வரை அனாட்டமி ஆசிரியர் தேவை. கேஷுவால்டியில் இரவு டியூட்டியும் பொதுவாகக் கிடையாது. ஆராய்ச்சி என்று போனால், கிடைத்த எலும்பு யாருடையது என்று போலீஸ் கேட்கும் தடயவியல் வேலை ஒரு பக்கம், மானிடவியல் ஒரு பக்கம். மானிடவியலுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தனித்துறை இருக்கிறது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனமும் (Anthropological Survey of India) இருக்கிறது. ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பது குறைவு. அதனால்தான் எம்.டி.யை முதலில் முடிக்கச் சொல்கிறேன். காப்பும் மருத்துவப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எலும்புக்குப் போனார்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்க வேண்டாம். கைடு யார், கடந்த சில வருடங்களில் என்ன ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார், அங்கே ஆவணத்தோடு கூடிய எலும்புத் தொகுப்பு இருக்கிறதா, உடல் தானம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இப்போது அங்கே எம்.டி. படிக்கும் இரண்டு பேரிடம், ஆசிரியர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, உங்கள் பெண்ணே பேசட்டும். அதற்குப் பிறகும் அனாட்டமிதான் என்றால் தடுக்காதீர்கள். விசாரித்துவிட்டுத் தயங்கினால், கவுன்சிலிங்குக்கு முன் என்னிடம் அனுப்புங்கள். வேறு துறைகளையும் வைத்துப் பேசுவோம்.

மாப்பிள்ளை வீட்டார் "என்ன ஸ்பெஷலிஸ்ட்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் எழுதியிருந்தீர்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு டாக்டர் இருந்தால், அவருக்கு அனாட்டமி சொல்லிக்கொடுத்தது யார் என்று கேளுங்கள்.