பள்ளிக்கு லீவு, அம்மாவுக்கு டியூட்டி

(அரசு மருத்துவமனைகளில் பணியாற்றி, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற சிஸ்டர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை வந்தவற்றில் பல கடிதங்கள் ஒரே கவலையைச் சொல்கின்றன.)

கேள்வி: வணக்கம் சிஸ்டர். நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். கணவர் அரசுப் பேருந்தில் கண்டக்டர். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. மழைக்காலத்தில் விடிந்தும் விடியாமலும் 'பள்ளிகளுக்கு விடுமுறை' என்று டிவியில் ஓடும். எங்கள் இருவருக்கும் அன்றைக்குத்தான் கட்டாயம் வேலை. போன வருடம் பிள்ளைகளை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போனேன். கை வார்டில், மனசு வீட்டில். என்ன செய்வது? — வாசகி, கடலூர்

வெளியே பூட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள் அம்மா. மழைநாளில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறலாம், சுவரில் கரண்ட் கசியலாம். பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு ஓட வேண்டிய நேரமும் வரலாம். 9 வயசுப் பையன் பொறுப்பானவனாக இருக்கலாம். ஆனாலும் அவனும் பிள்ளைதான். நாலு வயசுத் தங்கைக்கு அவனைக் காவல் வைக்க முடியாது.

நான் டியூட்டி பட்டியல் போட்ட காலத்தில் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தேன். யாருக்கு எத்தனை பிள்ளைகள், என்ன வயது, வீட்டில் பெரியவர்கள் உண்டா, குவார்ட்டர்ஸா, வெளியூரிலிருந்து வருகிறாரா என்றெல்லாம் அதில் எழுதியிருப்பேன். ஐப்பசி பிறந்தால் அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பட்டியல் எழுதுவேன். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு தாய்மாரை ஒரே ஷிஃப்டில் போடமாட்டேன். ஒருவர் காலை டியூட்டி, மற்றவர் மதியம். காலையில் இந்த வீட்டில் இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளும், மதியத்துக்கு மேல் அந்த வீட்டில். உங்கள் கண்காணிப்பாளரிடமும் இப்படி ஒரு ஜோடியை நீங்களே பேசி வைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். பொதுவாக 'உதவி வேண்டும்' என்று கேட்டால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். இன்னாரோடு எனக்கு மாற்றுங்கள் என்று கேட்டால் நடக்கும்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒருவர் வார்டை ஒப்படைத்து மற்றவர் வாங்கிக்கொள்ளும் நேரத்தில் இரண்டு பேருமே ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு மூன்றாவது ஆள் வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸில் ஓய்வு பெற்ற ஆயாம்மா ஒருவர் அதைச் செய்தார். சும்மா வாங்காமல் மாதாமாதம் கையில் பணம் கொடுத்தோம். அப்புறம், நைட் முடித்து வருபவரிடம் பிள்ளைகளை விடாதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் கண் விழித்தவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்.

உங்கள் கணவரும் கேட்க வேண்டும். பல டெப்போக்களில் நீண்ட டியூட்டி ஒன்று முடிந்தால் மறுநாள் ஓய்வு என்று முறை போடுகிறார்கள். அந்த ஓய்வு நாளும் உங்கள் காலை டியூட்டியும் ஒரே நாளில் அமையும்படி ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்துக்காவது எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை வளர்ப்பு நர்ஸம்மாவின் கவலை, கண்டக்டருக்கு அதில் என்ன என்று டெப்போவில் நினைப்பார்கள். அவர் வாயால் கேட்டால்தான் அந்த நினைப்பு மாறும்.

மழை லீவில் ஆபத்து வழியில்தான் இருக்கிறது. அதனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மா வீட்டை நம்பாமல், நடந்து போகும் தூரத்தில் ஒரு வீட்டைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பள்ளிகள் பல நாள் திறக்கவில்லை. பல பகுதிகளில் கரண்டும் இல்லை, போனும் எடுக்கவில்லை. 'அவசரம் என்றால் போன் பண்ணு' என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் ஏற்பாடு அன்றைக்கு உதவவில்லை. நீங்கள் எந்த வார்டு, எத்தனை மணிக்கு வருவீர்கள், அவர் எந்த டெப்போ என்று ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். பையனுக்குப் பிள்ளைகள் உதவி எண் 1098, ஆம்புலன்ஸ் எண் 108 இரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும்.

கேள்வி: என் அக்கா மகள் லண்டனில் நர்ஸ். கொரோனாவில் பள்ளிகளை மூடிய பிறகும் அவள் பிள்ளைகள் மட்டும் பள்ளிக்குப் போனார்களாம். நம் ஊர் நர்ஸ்களின் பிள்ளைகளுக்கு ஏன் அது கிடைக்கவில்லை? — வாசகர், நாகர்கோவில்

அவர் சொன்னது உண்மை. இங்கிலாந்தில் 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமையோடு பள்ளிகளை மூடினார்கள். ஆனால் கட்டடத்தைப் பூட்டவில்லை. வீட்டில் பாதுகாப்பில்லாத பிள்ளைகளுக்கும், நிறுத்த முடியாத வேலையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் அடுத்த திங்கட்கிழமையும் பள்ளி நடந்தது. அந்த வேலைகளின் பட்டியலை அரசே வெளியிட்டது. அதில் டாக்டர், நர்ஸோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்கள், போலீஸ், உணவுப் பொருள் தயாரிப்பவர்கள், அதை லாரியில் கொண்டுபோகிறவர்கள், ஆசிரியர்கள் எல்லாரும் இருந்தார்கள். பெற்றோரில் ஒருவர் பட்டியலில் இருந்தாலே போதும். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தவர்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்தே சொன்னார்கள். ஈஸ்டர் விடுமுறையிலும் திறந்து வைக்கும்படி பள்ளிகளைக் கேட்டுக்கொண்டார்கள்.

வழக்கமான வகுப்பு நடந்ததாக நினைக்க வேண்டாம். ஆசிரியர்கள் முறை வைத்து வந்தார்கள். முதல் சில மாதங்கள் மிகக் கொஞ்சம் பிள்ளைகளே வந்தார்கள். பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து, மற்றவர்கள் வீட்டில் செய்த பாடத்தையே ஒரு பெரியவர் துணையோடு செய்தார்கள். 2021 ஜனவரியில் இரண்டாம் முறை மூடியபோது வருகை பல மடங்கு கூடியது. இத்தனை பேரை வைத்துக்கொண்டு பள்ளி மூடியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது என ஆசிரியர்கள் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையும் நியாயமானதுதான். மார்ச் 8 அன்று எல்லாப் பிள்ளைகளும் திரும்பினார்கள்.

இங்கே 2020 மார்ச்சில் அங்கன்வாடி முதல் எல்லாம் மூடின. நடுவில் பெரிய வகுப்புகள் திறந்து மூடின. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குப் போனது 2021 நவம்பர் 1 அன்று. ஒன்றரை வருடத்துக்கும் மேல். கோவிட் வார்டில் நின்ற நர்ஸின் பிள்ளையும், தெருவைச் சுத்தம் செய்த தூய்மைப் பணியாளரின் பிள்ளையும் அந்தக் காலம் முழுக்க வீட்டில்தான் இருந்தார்கள். முன்களப் பணியாளர் என்று பெயர் வைத்து மாலை போட்டோம், கை தட்டினோம். அவர்களின் பிள்ளைகள் பகலில் எங்கே இருக்கிறார்கள் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேள்வி எழுப்பி நான் பார்த்ததில்லை.

நம் ஊரில் பாட்டி இருப்பார், பக்கத்து வீடு இருக்கும், மூத்த பெண் பிள்ளை இருப்பாள் என்று எல்லாருமே எண்ணிவிட்டோம். கொரோனாவில் முதலில் ஒதுங்கியிருக்க வேண்டியவரே பாட்டிதான். கோவிட் வார்டு நர்ஸ் வீட்டுப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் உள்ளே விடவில்லை. மிச்சம் இருந்தது மூத்த பெண். அம்மா வார்டு சுற்றை முடித்து, அப்படியே தனிமைப்படுத்தலுக்குப் போய்விட, ஏழாவது படிக்கும் பெண் சோறு வடித்து, தம்பிக்கு ஊட்டி, துணி துவைத்துக்கொண்டிருந்த வீடுகள் எனக்குத் தெரியும். இருந்த ஒரு போனில் தம்பி பாடம் பார்த்தான். பள்ளி திறந்தபோது அந்தப் பெண் பிள்ளைகள் பின்வரிசைக்குப் போனார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. அதே தெருவில் இருக்கும் தன்னார்வலர்கள், மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அப்படிப்பட்டவர்களில் சிலரை முன்பே கண்டுபிடித்து, நாலைந்து முன்களப் பணியாளர் பிள்ளைகளோடு பகல் முழுக்க இருக்கும்படி நியாயமான சம்பளத்தில் அமர்த்தியிருக்கலாம். அடுத்த முறை பள்ளிகளை மூடும் ஆணையிலேயே இந்தப் பிள்ளைகளுக்கு எங்கே இடம் என்ற வரியும் இருக்க வேண்டும்.

கேள்வி: நான் 200 பேர் வேலை செய்யும் தனியார் மருத்துவமனையில் இருக்கிறேன். பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? — வாசகி, கோவை

இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் கொண்டுவந்த திருத்தம் இது; இப்போது அதன் இடத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படியும் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம், ஓய்வு நேரமும் அதில் சேரும்.

ஆனால் நடைமுறையில் காப்பகம் என்றாலே பள்ளி செல்லாத சின்னப் பிள்ளைகளுக்குத்தான். பள்ளி மூடும் நாளில் 7 வயசுப் பிள்ளைக்கு அங்கே இடம் இல்லை. நீங்கள் மனு எழுதும்போது இதையும் கேளுங்கள்: பள்ளி மூடும் நாட்களுக்கு மட்டும் ஒரு அறை, வார்டுகளிலிருந்து தள்ளி, தனி வாசலோடு, ஒரு பெரியவர் பொறுப்பில். நர்ஸ்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் துப்புரவுப் பெண்கள், சமையலறை ஆட்கள், செக்யூரிட்டி பிள்ளைகளுக்கும் அந்த அறை வேண்டும். லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் என்று பிள்ளையைத் தனியே விட்டு வருபவர்கள் அவர்கள்தான் அதிகம்.

நிர்வாகம் செலவு என்று சொன்னால் ஒரு பழைய கதையைச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கைசர் கப்பல் கட்டும் தளங்களின் வாசலிலேயே பிள்ளைகள் காப்பகம் கட்டினார்கள். இரவு ஷிஃப்டுக்கும் அது திறந்திருக்கும். வேலை முடித்து வரும் தாய், பிள்ளையோடு சமைத்த சாப்பாட்டையும் விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கப்பல் சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காகத்தான் செய்தார்கள். சரி, வார்டு ஓட வேண்டும் என்பதற்காகவாவது நாம் செய்யலாமே.

கேள்வி: நான் தலைமை ஆசிரியர். மழை லீவில் இப்படிப்பட்ட பிள்ளைகளை மட்டும் பள்ளியில் வைத்துக்கொள்ளலாமா? — வாசகர், சீர்காழி

உங்கள் மனசுக்கு நன்றி ஐயா. ஆனால் கலெக்டர் விடுமுறை அறிவித்த நாளில் நீங்களாகத் திறக்காதீர்கள். புயல் நேரத்தில் உங்கள் பள்ளியே நிவாரண முகாமாக மாறலாம். அதற்குப் பதிலாக, பெற்றோர் இருவருமே லீவு எடுக்க முடியாத பிள்ளைகள் யார் யார் என்று இப்போதே வகுப்பு வாரியாக ஒரு பட்டியல் எடுங்கள். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, அந்தந்தத் தெருவில் ஒரு வீட்டைப் பேசி முடியுங்கள்.

கேள்வி: மகனும் மருமகளும் போலீஸ். பள்ளி மூடினால் பேரப்பிள்ளைகள் இருவரும் என்னிடம்தான். நான் ஐந்தாவது வரை படித்தவள். வீட்டுப்பாடம் எப்படிச் செய்ய வைப்பது? — வாசகி, மணப்பாறை

நீங்கள் டீச்சர் ஆக வேண்டாம் அம்மா. நேரத்துக்குச் சாப்பாடு, குளியல், மதியம் கொஞ்சம் தூக்கம், இது முதலில். பிறகு அவர்கள் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். தமிழ்ப் பாடமோ, பேப்பரோ, ஒரு பக்கம் சத்தமாகப் படிக்கச் சொல்லி, புரியாததைக் கேளுங்கள். உங்களுக்கு விளக்கிச் சொல்லும்போது அவர்களுக்கே தெளிவாகிவிடும். பால் கணக்கைப் பெரியவனிடம் விடுங்கள்.

'அம்மா இப்ப வந்துடுவா' என்று மட்டும் சொல்லாதீர்கள். பந்தோபஸ்து என்றால் எத்தனை மணி ஆகும் என்று யாருக்கும் தெரியாது, பிள்ளை வாசலிலேயே நிற்கும். 'ராத்திரி நீ தூங்கின பிறகு வருவா, காலையில் பார்க்கலாம்' என்று உள்ளதைச் சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மகனிடமும் மருமகளிடமும் வார ஓய்வு வரும் நாளில் பிள்ளைகளை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் படுத்து எழுந்திருக்க வேண்டும்.