கணினிக் கேள்வி பதில்: அப்டேட் நேரம் யார் கையில்?

ஈரோட்டில் சில ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் 11ஆம் தேதி சாயங்காலம் ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனை விவரத்தை ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றுவது) வேலை பாதியில் இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் திரையில் சதவீதம் ஓடுகிறது, கணினியை அணைக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறது. எக்செல்லில் சேமிக்காமல் வைத்திருந்ததெல்லாம் போச்சு. விண்டோஸ் 11 ஹோம். இதை நிரந்தரமாக நிறுத்த வழி இல்லையா?

உங்களுக்கு அந்தத் தேதியில் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது, 2003லிருந்து இதுதான் வழக்கம். இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் நடுவில்தான் விழும். அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு வெளியாகும்போது நமக்கு இரவு 10.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 11.30. அப்படியென்றால் நம்மூரில் புதன்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் சத்தமில்லாமல் இறங்க ஆரம்பிக்கும், அன்றோ அடுத்த ஓரிரு நாளிலோ ரீஸ்டார்ட் கேட்கும். உங்கள் ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாளான 11 இந்த வாரத்துக்குள்தான் வருகிறது. இந்தியா முழுக்கக் கணக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் போர்ட்டலோடு மல்லுக்கட்டும் அதே வாரத்தில் அப்டேட்டும் வந்து நிற்கிறது. இதைக் கவனித்துத் தேதியை மாற்றித் தர அங்கே யாரும் இல்லை, நாம்தான் நம் பக்கத்தில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

நிரந்தரமாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். தள்ளிப்போடலாம், ஹோம் பதிப்பிலேயே அந்த வசதி உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் அப்டேட்டை நிறுத்திவைக்கும் பட்டன் இருக்கிறது, ஒரு வாரத்திலிருந்து 5 வாரம் வரை தேர்ந்தெடுக்கலாம். நீங்கள் மாதப் பிறப்பிலேயே 3 வாரத்துக்கு நிறுத்திவிடுங்கள். வரி கட்டும் மாதக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள் 20 முடிந்ததும் ஒரு சாயங்காலம் எல்லாக் கோப்புகளையும் மூடிவிட்டு, கரண்ட் போகாது என்று தெரிந்த நேரமாகப் பார்த்து, நீங்களே அப்டேட்டை ஓடவிட்டு வீட்டுக்குப் போங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அப்டேட்டிலேயே ஏதாவது கோளாறு இருந்தால் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே உலகம் முழுக்கச் சத்தம் வந்துவிடும், நீங்கள் போடும்போது சரிசெய்த பதிப்பு வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நடுவில் விண்டோஸில் ஏதாவது பாதுகாப்பு ஓட்டையைத் திருடர்கள் இப்போதே பயன்படுத்துகிறார்கள் என்று செய்தி வந்தால் 20ஆம் தேதி வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கு ராத்திரியே போட்டுவிடுங்கள்.

அதே பக்கத்தில், அப்டேட் கிடைத்தவுடனே எனக்கு முதலில் கொடு என்கிற மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அப்புறம் ஆக்டிவ் ஹவர்ஸ். எந்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகக் கூடாது என்று நாமே குறிப்பதுதான் இது, அதிகபட்சம் 18 மணி நேரம் வரை வைக்கலாம். காலை 7 முதல் நள்ளிரவு 1 மணி வரை வைத்துவிட்டால் வேலை நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் தொல்லை பெரும்பாலும் தீரும். போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்க்கிறவர்கள் அந்த வைஃபையை, டேட்டாவுக்கு அளவு உண்டு என்று சொல்லும் மீட்டர்டு கனெக்‌ஷன் என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அன்றைய டேட்டாவை அப்டேட்டே குடித்துவிடும்.

எங்கள் ஊர் சர்வீஸ் கடைக்காரர் ஒரு சின்ன சாஃப்ட்வேர் போட்டு அப்டேட்டையே வராமல் செய்துவிட்டார். இரண்டு வருடமாக நிம்மதியாக இருக்கிறேன். இது தப்பா? (ஜெராக்ஸ் கடை, விருத்தாசலம்)

தப்புதான், அதுவும் உங்கள் தொழிலில். நாள் முழுக்க யார் யாருடைய பென் டிரைவோ உங்கள் கணினியில் ஏறி இறங்குகிறது, ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், வாட்ஸ்அப் வெப் எல்லாம் அதே கணினியில்தான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது, இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே ஸ்தம்பித்தன. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த வருடம் மார்ச் மாதமே வெளியாகிவிட்டது. மாட்டிக்கொண்டவர்கள் அதைப் போடாமல் விட்டவர்கள். உங்கள் கடைக்காரரிடமே போய் அந்தத் தடையை எடுக்கச் சொல்லுங்கள், பிறகு மேலே ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன மாதிரி தள்ளிப்போட்டு ஓட்டுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் என்னுடையது. என்னைக் கேட்காமல் அதில் கை வைக்க அவர்களுக்கு என்ன உரிமை? (கோவில்பட்டி)

உங்கள் கோபம் நியாயமானது, எனக்கும் இதே கோபம்தான். பாதுகாப்பு அப்டேட் அவசியம் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். ஆனால் பூட்டு மாற்ற வருகிறவர் வீட்டுக்காரரிடம் நேரம் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். 2016இல் விண்டோஸ் 7, 8 வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 10க்கு மாறச் சொல்லி ஒரு பெட்டி திரும்பத் திரும்ப வந்தது ஞாபகம் இருக்கும். மூலையிலுள்ள எக்ஸ் குறியை அழுத்தி மூடினால்கூட, குறித்த நேரத்தில் மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்றே அது எடுத்துக்கொண்டது. எதையும் மூடுவதற்கு இருபது வருடமாக அழுத்திப் பழகிய குறி அது. கலிஃபோர்னியாவில் சொந்தத் தொழில் நடத்திய ஒரு பெண்மணி, கேட்காமல் ஆன மாற்றத்தால் வேலை கெட்டது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். மைக்ரோசாஃப்டின் மார்க்கெட்டிங் தலைவரே பிற்பாடு எல்லை தாண்டிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்.

2018 அக்டோபரில் வந்த பெரிய அப்டேட் சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த கோப்புகளையே அழித்துவிட்டது, சில நாளிலேயே அதை நிறுத்தி நவம்பரில் மறுபடி வெளியிட்டார்கள். ஹோம் பதிப்புக்காரர்களுக்கு நிறுத்திவைக்கும் பட்டனே 2019 மே மாத அப்டேட்டில்தான் கிடைத்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்ததிலிருந்து அதுவரை ஏறத்தாழ 4 வருடம் சாதாரண மக்களுக்கு அந்த உரிமை இல்லாமலேயே ஓடியது. அந்தப் பட்டன் ஜனங்கள் சத்தம் போட்டதால் வந்தது. அதனால் உங்கள் கோபத்தை அடக்கிக்கொள்ளாதீர்கள், விண்டோஸிலேயே இருக்கும் ஃபீட்பேக் ஹப்பில் போய்த் தமிழிலேயே எழுதுங்கள்.

அப்டேட் ஆனதும் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. எனக்கு அப்படி எதுவும் தரப்படவில்லையே? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பயப்படாதீர்கள், அவசரப்பட்டு யாரிடமும் ஃபார்மேட் போடக் கொடுத்துவிடாதீர்கள். அது பிட்லாக்கர் சாவி, அதாவது டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதிக்கான சாவி. இப்போது வரும் புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தாலே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டு, சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு பலருக்கு இந்தத் திரை வந்தது. போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீ என்று தேடுங்கள். அங்கே இல்லையென்றால், லேப்டாப்பை முதன்முதலில் செட் பண்ணித் தந்தது யார் என்று யோசியுங்கள். பல கடைகளில் பையன்கள் தங்கள் மெயில் ஐடியையே போட்டு முடித்துத் தந்துவிடுகிறார்கள், அப்போது சாவியும் அவர்கள் கணக்கில்தான் கிடக்கும். உடனே போய்க் கேட்டு வாங்குங்கள். கிடைத்ததும் ஒரு தாளில் எழுதி மார்க்‌ஷீட் ஃபைலோடு வையுங்கள்.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர். 2015இல் வாங்கிய லேப்டாப், 5ஆம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது, இனி இது குப்பை என்கிறார் கடைக்காரர். கட்டுரை எழுதுவது, மெயில், யூடியூப், அவ்வளவுதான் என் வேலை.

ஐயா, தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது உண்மை. தனிநபர்களுக்கு ஒரு வருட நீட்டிப்பு உண்டு, 2026 அக்டோபர் 13 வரை. 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டிங்ஸை இணைத்தால் இலவசம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிந்துகொள்ளலாம்.

விண்டோஸ் 11 உங்கள் லேப்டாப்புக்கு முறைப்படி வராது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட புராசஸரும் வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். நன்றாக ஓடுகிற கோடிக்கணக்கான கணினிகளை இந்த ஒரு நிபந்தனை தகுதியில்லாதவை ஆக்கியது, இதை என்னால் ஏற்க முடியவில்லை. தடையைத் தாண்டிப் போட்டுத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள், போடவும் முடியும். ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று உத்தரவாதம் இல்லை.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம், அதில் பழைய கணினிக்கு ஏற்ற இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. காசு கிடையாது, 22ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. எந்த அப்டேட் வந்திருக்கிறது என்று பட்டியல் காட்டும், நீங்கள் பட்டனை அழுத்தும் வரை சும்மா இருக்கும், தானாக ரீஸ்டார்ட் ஆகாது. தமிழ்99 விசைப்பலகையும் அமைத்துக்கொள்ளலாம், கட்டுரைக்கு லிப்ரே ஆபீஸ். முதலில் பென் டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல், அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். பிரின்டர் இருந்தால் அப்போதே சோதியுங்கள். நம்மூரில் எங்கும் இருக்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் சுலபமாக அமையாது. லேப்டாப்பில் இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்தான் என்றால் அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று மாற்றிவிடுங்கள், இந்த ஒரு செலவிலேயே லேப்டாப் புதிது மாதிரி ஓடும். மாற்றுவதற்கு முன் கட்டுரைகளையெல்லாம் வெளியே நகல் எடுத்துவிடுங்கள் ஐயா.

மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். 35,000 ரூபாய்க்குள் லேப்டாப் வேண்டும். கடையில் புதுசாக 4 ஜிபி, 64 ஜிபி என்று ஒன்று காட்டுகிறார்கள், விலை குறைவு. ரிட்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஆபீஸ் லேப்டாப் வாங்கு என்கிறான் தம்பி. (செங்கல்பட்டு)

கடையில் காட்டியது வேண்டாம். 64 ஜிபி என்பது இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லு, எஸ்எஸ்டியைவிட மெதுவானது, பெரும்பாலும் போர்டோடு ஒட்டியிருக்கும், மாற்ற முடியாது. விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கி வைக்கும் இடமே 7 ஜிபிக்குப் பக்கம், அதற்கு மேல் பெரிய அப்டேட் வரும்போது இன்னும் காலி இடம் கேட்கும். இரண்டாம் வருடத்திலிருந்து உங்கள் மகள் போட்டோவை அழித்து அழித்து அப்டேட்டுக்கு இடம் தேடிக்கொண்டிருப்பாள். விண்டோஸ் 11 ஓடுவதற்கு 4 ஜிபி ரேமும் 64 ஜிபியும் போதும் என்று மைக்ரோசாஃப்டே எழுதியிருப்பதால்தான் இவற்றை விற்கிறார்கள். ஓடுவது வேறு, வேலை செய்ய முடிவது வேறு.

தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆபீஸ்களில் மூன்று நான்கு வருடம் ஓடிவிட்டு வரும் திங்க்பேட், லாட்டிட்யூட் வகைகள் உடம்பு கெட்டியானவை, ரேமும் டிஸ்கும் பலவற்றில் மாற்றலாம். ஆனால் புராசஸர் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யூ என்றால் முதல் இலக்கம் 8, அது 8ஆம் தலைமுறை, விண்டோஸ் 11 வரும். 7இல் ஆரம்பித்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். இன்னும் இரண்டு தலைமுறை புதிதாகக் கிடைத்தால் அதையே எடுங்கள், படிப்பு முடிந்தும் ஓட வேண்டும். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடையிலேயே சார்ஜரைக் கழற்றி வைத்துப் பாருங்கள், எழுத்தில் வாரன்டி கேளுங்கள்.

புதிதுதான் வேண்டும் என்றால் 8 ஜிபி ரேமுக்குக் கீழே போகாதீர்கள், கூட ஒரு காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறவும் கூடாது. ரைசன் 5 7520யூ என்பது 2023 வரிசை மாதிரித் தெரியும், ஆனால் மூன்றாவது இலக்கம் 2 என்றால் உள்ளே இருப்பது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. அதோடு வரும் ரேம் போர்டில் ஒட்டியே வரும், பிற்பாடு கூட்ட முடியாது. 16 ஜிபியோடு கிடைத்தால் யோசிக்கலாம், 8 ஜிபி என்றால் விட்டுவிடுங்கள். மேக்புக் உங்கள் பட்ஜெட்டில் வராது, பி.காமுக்கு டேலியும் பழக வேண்டியிருக்கும், அது விண்டோஸுக்கென்று செய்தது.

சிவகாசியில் டிடிபி சென்டர். பேஜ்மேக்கர் 7, பழைய தமிழ் ஃபான்ட்கள், விண்டோஸ் 7. எதையும் மாற்றினால் பத்து வருட காலண்டர் ஃபைல்கள் திறக்காது. என்ன செய்ய?

அந்தக் கணினியை அப்படியே வையுங்கள், நெட் கேபிளை மட்டும் பிடுங்கிவிடுங்கள், வைஃபையையும் அணையுங்கள். விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14லேயே நின்றுவிட்டது, அதை வைத்துக்கொண்டு மெயில் பார்ப்பது ஆபத்து. மெயில், வாட்ஸ்அப், வாடிக்கையாளர் பென் டிரைவ் எல்லாவற்றுக்கும் இன்னொரு கணினி ஒதுக்குங்கள், அங்கே வைரஸ் பார்த்த பிறகே ஃபைல் பழைய கணினிக்குப் போகட்டும். பழைய கணினியின் டிஸ்கை முழுசாக இமேஜ் (அச்சு அசலான நகல்) எடுத்து வெளி டிஸ்கில் வையுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள், அந்த ஹார்டு டிஸ்க் என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம். புது கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள்ளேயே விண்டோஸ் 7ஐ ஓட்டினால் பேஜ்மேக்கர் அங்கேயும் வேலை செய்யும். அதைக் காப்பாகத் தயார் செய்துவையுங்கள்.

புதிதாக வரும் வேலைகளை மட்டும் யூனிகோடில் தொடங்குங்கள். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனில் தமிழ் எழுத்து சரியாக வர வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இலவசமாக வேண்டுமென்றால் ஸ்கிரிபஸ் 1.6. பழைய ஃபைல்களில் வருடா வருடம் திரும்ப வருகிற காலண்டர்களை முதலில் எடுத்து, எழுத்தைக் கன்வர்ட்டரில் யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றும் கிரந்த எழுத்தும் சரியாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுங்கள். மற்றதையெல்லாம் ஃபான்ட்டோடு பிடிஎஃப் ஆக்கி வைத்தால் போதும்.