ரெக்கார்டர் வாங்கும் முன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து முதியவர்களின் வாழ்க்கை நினைவுகளையும் அவர்களுக்கு நினைவிலிருக்கும் பாடல்களையும் அவரவர் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்துவருகிறோம். இதுவரை இரவல் ரெக்கார்டரில்தான் வேலை நடந்தது. இனி சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறோம். விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 192 கிலோஹெர்ட்ஸ் இருப்பதைத்தான் வாங்க வேண்டும் என்கிறார் ஒருவர். 32 பிட் ஃப்ளோட் இருந்தால் வேறு எதையும் பார்க்கவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். நல்ல கைபேசி போதும் என்பவர்களும் உண்டு. எங்கள் பதிவுகளில் குரலுக்குப் பின்னால் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்கிறது. கையில் பிடித்துப் பேசும் சாதாரண டைனமிக் மைக் ஒன்று எங்களிடம் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன வாரம் ஒரு பாட்டி 40 நிமிடம் பேசினார். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்துவிட்டது. கார்டில் கோப்பின் பெயர் இருக்கிறது, அளவு 0 என்று காட்டுகிறது. அது போனது போனதுதானா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பாட்டியின் பதிவு திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை அந்தக் கார்டைக் கருவியிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். அதில் இன்னொரு பதிவு ஒரு நொடிகூட ஓடக் கூடாது.

192 என்ற எண்ணை மறந்துவிடலாம். ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிகிறது என்பதே அந்த எண். அதில் பாதி அதிர்வெண் வரையிலான ஒலிதான் பதிவில் அடங்கும். 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி அடங்கிவிடும். மனிதக் காதின் எல்லை ஏறத்தாழ 20. வௌவாலின் ஒலியைப் பதிந்து வேகம் குறைத்துக் கேட்பவர்களுக்கு 192 தேவைப்படும். பேச்சுக்கும் பாட்டுக்கும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் (ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறது என்பது), வேவ் கோப்பு போதும். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐஏஎஸ்ஏ குறைந்தபட்ச அளவாகச் சொல்வதும் இதைத்தான். ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி, மணிக்கு 1 ஜிபியைச் சற்றே தாண்டும். எம்பி3யில் பதியவே பதியாதீர்கள். அதில் விட்டுப்போனதைப் பிறகு எதை வைத்தும் நிரப்ப முடியாது.

உங்கள் உண்மையான சிக்கல் அந்த 'உஸ்' சத்தம்தான். எந்தக் கருவியை வாங்குவது என்பதையும் அதுதான் முடிவு செய்ய வேண்டும். மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. அதைப் பெருக்குவது ரெக்கார்டருக்குள் இருக்கும் ப்ரீஆம்ப். பெருக்கும்போது அது தன் இரைச்சலையும் கூடவே சேர்த்துவிடும். அந்த இரைச்சலின் அளவைத் தயாரிப்பாளர்கள் விவரப் பட்டியலில் 'உள்ளீட்டுச் சம இரைச்சல்' என்று டிபியூ அலகில் தருவார்கள். மைனஸ் 120, மைனஸ் 127 என்று இருக்கும். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் பெரிதாக இருந்தால் இரைச்சல் குறைவு. பெட்டியின் முகப்பில் இதை அச்சிடமாட்டார்கள். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் தேட வேண்டும். அங்கும் கொடுக்கவில்லை என்றால் அந்தக் கருவியை நான் வாங்கமாட்டேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேடைகளில் எங்கும் காணும் ஷூர் எஸ்எம்58 டைனமிக் மைக், 94 டெசிபல் ஒலிக்கு 1.85 மில்லிவோல்ட் தரும். ஒரு மீட்டர் தள்ளி ஒருவர் சாதாரணமாகப் பேசினால் மைக்கை எட்டுவது ஏறத்தாழ 60 டெசிபல். அப்போது மைக் தருவது வெறும் 37 மைக்ரோவோல்ட். மைனஸ் 120 டிபியூ ப்ரீஆம்பின் இரைச்சல் முக்கால் மைக்ரோவோல்ட் அளவு. குரல் இரைச்சலைப் போல 50 மடங்குகூட இல்லை. பேச்சில் இடைவெளி விழும்போதெல்லாம் அந்த இரைச்சல் காதில் படத்தான் செய்யும். உங்கள் பதிவில் நடப்பது பெரும்பாலும் இதுவே.

அதே மைக்கை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் கூடும். ஒரு மீட்டரிலிருந்து 25 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல், அதாவது நான்கு மடங்கு மின்னழுத்தம். மைனஸ் 120 கருவியை விட்டு மைனஸ் 127 கருவிக்கு மாறினால் கிடைப்பதோ 7 டெசிபல்தான். மைக்கை நகர்த்தக் காசு கேட்பதில்லை. அறையின் எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் குரலுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவது கூடுதல் லாபம்.

இனி மைக்கை மாற்றிப் பாருங்கள். கண்டென்சர் மைக் என்பது வெளியிலிருந்து மின்சாரம் வாங்கி வேலை செய்யும் வகை. 94 டெசிபலுக்கு 20 மில்லிவோல்ட் தரும் ஒரு கண்டென்சர் மைக் அதே ஒரு மீட்டர் பேச்சுக்கு 400 மைக்ரோவோல்ட் தரும். அதன் சொந்த இரைச்சல் 16 டெசிபல் என்றால், அதுவே இரண்டரை மைக்ரோவோல்ட் ஆகிவிடுகிறது. அதன்மேல் ப்ரீஆம்பின் முக்கால் மைக்ரோவோல்ட் சேர்ந்தாலும் மொத்த இரைச்சல் அரை டெசிபல்கூட உயராது. ஆக, கண்டென்சர் மைக் வாங்கப்போகிறீர்கள் என்றால் மைனஸ் 120 போதும். டைனமிக்கிலேயே தொடர்வது என்றால்தான் மைனஸ் 127 பக்கம் போக வேண்டும். மைக் எது என்று தீர்மானிக்காமல் ரெக்கார்டரைத் தேடுவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதுபோல.

உங்கள் வேலைக்கு மைக்கைச் சட்டையில் குத்துவதே நல்லது. முதியவர்களின் கையில் மைக்கைக் கொடுத்தால் பத்தாவது நிமிடத்தில் கை தளர்ந்து மடிக்கு இறங்கிவிடும். குத்தும் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே பொருத்துங்கள். அதன்மேல் துணியோ சங்கிலியோ உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயரை ஒரு சுற்றுச் சுற்றிக் கிளிப்புக்குள் செருகிவிட்டால் இழுபடும் சத்தம் மைக்குக்குப் போகாது. கேள்வி கேட்பவருக்கு இன்னொரு மைக். இருவரும் தனித்தனிச் சேனலில் இருந்தால், கேட்பவர் இருமினாலும் பாட்டியின் சேனலில் அது மெலிதாகத்தான் விழும்.

இப்போது 32 பிட் ஃப்ளோட். நல்ல வசதிதான். ஆனால் அது எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்று தெரிந்து வாங்க வேண்டும். இந்த வகைக் கருவிகளில் பொதுவாக ஒவ்வொரு சேனலுக்கும் மைக் ஒலியை எண்களாக மாற்றும் மாற்றிகள் இரண்டு இருக்கும். ஒன்று மெல்லிய ஒலிக்கு, மற்றது உரத்த ஒலிக்கு. இரண்டையும் கோத்து ஒரே கோப்பாக எழுதும். முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று குரலெடுத்துப் பாடினாலும் அலையின் தலை வெட்டுப்படாது. பிறகு கணினியில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மைக்குக்குள்ளேயே ஒலி பிளந்துவிட்டால் 32 பிட் பிளந்ததை அப்படியே பத்திரமாகப் பதிந்து வைக்கும். காற்று மோதும் சத்தம், துணி உரசல், ப்ரீஆம்ப் இரைச்சல், சரியாகச் செருகாத பிளக் எதற்கும் அது மருந்தில்லை. கோப்பும் நிமிடத்துக்கு 23 எம்பியாகப் பெருக்கும். எடிட் செய்யும் மென்பொருள் அதை ஏற்குமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்பவரே கருவியையும் பார்த்துக்கொள்ளும் உங்கள் நிலையில் அதை வாங்குவது சரி என்றே நினைக்கிறேன். பேசுபவரின் முகத்தைப் பார்க்க வேண்டிய கண் மீட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. 24 பிட் கருவிதான் கிடைக்கிறது என்றாலும் குறையொன்றுமில்லை. மீட்டரில் உச்சங்கள் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி கெயினை, அதாவது பெருக்கும் அளவை, வைத்துவிட்டு அப்படியே விடுங்கள். கூடவே 12 டெசிபல் தாழ்த்தி இன்னொரு பிரதியும் எழுதும் வசதி சிலவற்றில் உண்டு. இருந்தால் அதைப் போட்டுவையுங்கள். தானியங்கி லெவலை மட்டும் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். பேசுபவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் அது கெயினை ஏற்றி, மின்விசிறியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும்.

கருவியைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது முதலில் மைக் செருகும் இடத்தைப் பாருங்கள். பூட்டிக்கொள்ளும் எக்ஸ்எல்ஆர் துளை இரண்டு இருக்க வேண்டும். கண்டென்சர் மைக்குக்கு ஒயர் வழியே போகும் மின்சாரமான 48 வோல்ட் ஃபாண்டம் பவர் தர வேண்டும். சிறிய 3.5 மில்லிமீட்டர் துளை மட்டும் உள்ளவை கால் பட்டால் கழன்றுவிடும், நாளடைவில் கரகரக்கும். குத்தும் மைக் சிறிய பிளக்கோடு வந்தால் அதிலுள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். 3 வளையம் இருந்தால் அது பெரும்பாலும் கைபேசிக்கானது. ரெக்கார்டரில் செருகினால் ஒலி வராது, அல்லது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல வரும். 2 அல்லது 1 வளையம் உள்ளதே ரெக்கார்டரின் சிறிய துளைக்குப் பொருந்தும்.

அடுத்தது பேட்டரி. கடையில் கிடைக்கும் ஏஏ பேட்டரி போடுகிற கருவியே வெளிவேலைக்கு நல்லது. உள்ளேயே அடைத்த பேட்டரி தீர்ந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் 1.5 வோல்ட். எதைப் போட்டிருக்கிறோம் என்று மெனுவில் சொல்லாவிட்டால் பேட்டரிக் குறி தவறாகக் காட்டும். முழுதாகத் தெரிந்த குறி திடீரென்று காலியாகி அணைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பெட்டியில் எழுதியுள்ள மணிக்கணக்கு பெரும்பாலும் ஃபாண்டம் பவர் போடாமல் அளந்தது. அதில் பாதியை நம்புங்கள். பவர் பேங்க் மாட்டலாம், ஆனால் சில பவர் பேங்குகள் கருவி இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்று தாமாகவே அணைந்துவிடும். வீட்டிலேயே இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகே வெளியே கொண்டுபோங்கள்.

பல கருவிகளில் பதிவுப் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் விளக்கு மின்னும், மீட்டர் ஆடும், ஹெட்போனிலும் கேட்கும். ஆனால் பதிவு ஓடாது. இரண்டாம் முறை அழுத்தினால்தான் ஓடும். ஒரு மணி நேரப் பேச்சு இப்படிப் பறிபோவது இந்த வேலையில் சகஜம். விளக்கையோ மீட்டரையோ பார்த்து நம்பாதீர்கள். நொடிகள் ஏறுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஏறத் தொடங்கியதும், பொத்தான்கள் தவறி அழுந்தாமல் காக்கும் ஹோல்ட் பூட்டைத் தள்ளிவிடுங்கள். காதை மூடும் ஹெட்போன் ஒருவர் காதிலாவது கடைசிவரை இருக்கட்டும்.

கைபேசி போதாதா என்றால், முதல் பிரதிக்குப் போதாது. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று அது மெல்லிய ஓசைகளையும் சொல்லின் கடைசி எழுத்தையும் விழுங்கிவிடுகிறது. விமானப் பயன்முறையில் போட்டு இரண்டாம் பிரதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்த அன்று அது கைகொடுத்திருக்கும்.

பெயர் சொல்லிக் கேட்டால், ஜூம் நிறுவனத்தின் எஃப்3 ரெக்கார்டர் உங்கள் வேலைக்குப் பொருந்தும். இரண்டு எக்ஸ்எல்ஆர், மைனஸ் 127 டிபியூ, 32 பிட் ஃப்ளோட், இரண்டு ஏஏ பேட்டரி. அதில் மைக்கே கிடையாது என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். கருவியோடு ஒட்டிய மைக் மேசையின் அதிர்வையும் பொத்தான் சத்தத்தையும் வாங்கிக்கொள்ளும், பேசுபவரின் பக்கத்திலும் போகாது. பழைய ஜூம் எச்5 கைமாறிக் கிடைத்தால் அதுவும் சரிதான். 24 பிட், மைனஸ் 120. அதோடு கண்டென்சர் மைக் சேர வேண்டும், அவ்வளவுதான்.

இனி பாட்டியின் 40 நிமிடம். பதிவு முடியும்போதுதான் பல கருவிகள் கோப்பின் அளவைக் கார்டில் எழுதும். பேட்டரி நடுவில் போனால் அந்த அளவு எழுதப்படாமல் 0 என்று நிற்கும். ஒலியோ பெரும்பாலும் கார்டிலேயே கிடக்கும். கணினி 'சரிசெய்யவா', 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டால் இரண்டுக்கும் வேண்டாம் சொல்லுங்கள். முதலில் கார்டு முழுவதையும், காலி என்று காட்டும் இடத்தையும் விடாமல், ஒரே இமேஜ் கோப்பாகக் கணினியில் நகலெடுங்கள். இனி எல்லா வேலையும் அந்த நகலில்தான்.

ஆடாசிட்டி மென்பொருளில் இறக்குமதி மெனுவில் 'ரா டேட்டா' என்பதைத் தேர்ந்து இமேஜைத் திறக்கவும். 24 பிட் சைன்டு, லிட்டில் எண்டியன், 2 சேனல், 48000 என்று கொடுங்கள். கருவியில் வேறு அளவு வைத்திருந்தால் அதைக் கொடுக்க வேண்டும். கார்டு பெரிதாக இருந்தால் விழுக்காடு கொடுத்துப் பகுதி பகுதியாகத் திறக்கலாம். 40 நிமிடத்துக்கு ஏறத்தாழ 690 எம்பி வரும். பேச்சுக்குப் பதில் முழுக்க இரைச்சலாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். பைட்டுகள் ஒன்றோ இரண்டோ தள்ளி நிற்கின்றன என்று பொருள். எத்தனை பைட் தள்ளித் தொடங்குவது என்ற தொடக்க எண்ணை 0, 1, 2 என்று 5 வரை மாற்றி மாற்றித் திறந்து பாருங்கள். ஏதோ ஒன்றில் குரல் தெளிந்து வரும். இடது வலது மாறி வந்தால் எண்ணோடு 3 கூட்டினால் சரியாகிவிடும். கிடைத்ததும் வேவ் கோப்பாகச் சேமித்து, வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதி வையுங்கள்.

பழைய பதிவுகளை அழித்து அழித்துப் பயன்படுத்திய கார்டாக இருந்தால் பேச்சு துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கலாம். அப்படியிருந்தால் ஒவ்வொரு துண்டும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று குறித்து எழுதுங்கள். கோக்கும் வழியைச் சொல்கிறேன்.