நாற்காலி தூக்கும் வேலைதானே?

(சிங்கப்பூரின் வடக்கு வட்டாரத்தில் ஒரு சமூக மன்றத்தில் 14 ஆண்டுகள் பகுதிநேரமாக வேலை செய்து, சென்ற ஆண்டு ஓய்வுபெற்றவர் இந்த மாதம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

அக்கா, எனக்கு 46 வயது. பிள்ளைகள் இருவரும் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் கலை, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கு உதவியாகப் பகுதிநேர ஆள் தேடுகிறார்கள். வாரம் 18 மணி நேரம். பெரும்பாலும் மாலையும் வார இறுதியும். "நாற்காலி தூக்கும் வேலைதானே, இதற்கா போகிறாய்?" என்கிறார் என் கணவர். சேரலாமா?
– வாசகி, ஈசூன்

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பொய்யில்லை, தங்கச்சி. வேலையில் பாதி நாற்காலிதான். அதிலும் ஒரு கணக்கு உண்டு. பிளாஸ்டிக் நாற்காலியைப் பத்துக்கு மேல் அடுக்கித் தள்ளுவண்டியில் ஏற்றாதீர்கள். திருப்பத்தில் மேல் நாற்காலி நழுவிக் காலில் விழும். என் இடக்கால் பெருவிரல் நகம் இன்றுவரை நேராக வளரவில்லை.

மீதிப் பாதி என்ன என்று வேலைக்கு எடுப்பவர்களே முழுதாகச் சொல்வதில்லை. பதிவு செய்தவர்களுக்கு முந்தின நாள் ஃபோன் செய்வது. ஒலிவாங்கிக்கு மாற்று பேட்டரி வைத்திருப்பது. மின்கம்பியின் மேல் டேப் ஒட்டுவது, அதில் ஏதாவது ஒரு பாட்டி தடுக்கி விழுவதற்கு முன்பே. யோகா வகுப்புக்கு வந்தவரும் கராவோக்கேக்கு வந்தவரும் ஒரே அறைக்குச் சண்டை போட்டால் நடுவில் நிற்பது. முகமும் பெயரும் நினைவில் நிற்கிறவர்களுக்கு இந்த வேலை பிடிக்கும். மேடையில் ஏறிப் பேச ஆசைப்படுகிறவர்களுக்கு ஆறே மாதத்தில் சலித்துவிடும்.

என் முதல் பொங்கல் விழாவைச் சொல்கிறேன். பெரிய மன்றங்களின் விழாக்கள் தை முதல் நாளில்தான் நடக்க வேண்டும் என்றில்லை. அடுத்து வரும் சனி, ஞாயிறில் வைத்துக்கொள்வோம். அன்று ஞாயிறு. இரண்டு அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே, கீழ்த்தளத்தை ஒட்டிய இடம். பார்க்க அழகான இடம். ஆனால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் காற்று எப்படி வரும் என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. பத்தரைக்குச் சிறப்பு விருந்தினர் வருவார். அவர் வந்ததும் பால் பொங்க வேண்டும். பத்து மணிக்குப் பானையை ஏற்றினோம். அடுப்புத் தீ பானைக்கு அடியில் நிற்காமல் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டது. பத்தரை ஆகியும் பாலில் ஆடைகூடக் கட்டவில்லை. விருந்தினர் வந்துவிட்டார். குழுத் தலைவர் என்னைப் பார்க்கிறார், நான் பாலைப் பார்க்கிறேன்.

நான்காவது மாடியில் இருக்கும் ஒரு சீனப் பெரியவர், கோப்பிக் கடையில் குவே தியாவ் என்ற தட்டை அரிசி நூடல்ஸ் வறுப்பவர், வேடிக்கை பார்க்க இறங்கி வந்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் போய், எண்ணெய்த் தகரத்தை வெட்டி விரித்த இரண்டு தகடுகளைக் கொண்டுவந்து அடுப்பின் காற்றுப் பக்கத்தில் நிறுத்தினார். தீ நிமிர்ந்தது. விருந்தினர் உரையின் நடுவில், அவர் 'நல்லிணக்கம்' என்ற சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கி வழிந்தது. கூட்டம் முழுவதும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த, அவரும் பேச்சை அதோடு முடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து அந்த வட்டாரத்தில் நடந்த மிகச் சுருக்கமான உரை அதுதான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்த பிறகு, ஓர் இனத்தார் மட்டும் ஓரிடத்தில் குவிந்திருப்பதில்லை. ஆகவே நம் பானையைச் சுற்றி நிற்பவர்களில் பலர் வாழ்நாளில் பொங்கல் வைக்காதவர்களாக இருப்பார்கள். அவர்களுக்குப் பொங்கல் தெரியாது, அடுப்பு தெரியும். அந்தத் தகடுகளை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஓய்வுபெறும்வரை மன்றத்துப் பண்டக அறையில் வைத்திருந்தேன். அடுத்த ஆண்டிலிருந்து இரண்டு பானை: பொங்கி வழிவதற்கென்று கொஞ்சம் பாலோடு ஒரு சின்னப் பானை, சாப்பிடுவதற்குப் பெரிய பானை.

சேருங்கள். சேரும் முன் ஆண்டு நாட்காட்டியை வாங்கிப் பாருங்கள். வாரம் 18 மணி நேரம் என்பது சராசரி. ஜனவரி, பிப்ரவரியில் பொங்கலும் சீனப் புத்தாண்டும் நெருங்கி வரும். ஏப்ரலில் தமிழ்மொழி விழா. ஜூலை 21 இன நல்லிணக்க நாள், ஆகஸ்ட் 9 தேசிய தினம். பிறகு விளக்குத் திருவிழா, தீபாவளி. அந்த வாரங்களில் 18 மணி நேரம் வெள்ளிக்கிழமைக்குள் தீர்ந்துவிடும்.

நான் அதே மன்றத்தில் எட்டு ஆண்டுகளாகத் தொண்டூழியராக இருக்கிறேன். வயது 58. இப்போது "சம்பளத்துக்கு வாருங்கள்" என்கிறார்கள். தொண்டுக்குக் கூலி வாங்கலாமா என்று மனம் குறுகுறுக்கிறது. மசேநி (மத்திய சேம நிதி), விடுப்பு எல்லாம் கிடைக்குமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

ஐயா, குறுகுறுப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் ஒன்றைப் பாருங்கள்: வேலை நியமனக் கடிதத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது? பலர் பார்க்காமல் விடுவது அதைத்தான்.

சமூக மன்றங்களை நடத்தும் மக்கள் கழகம் 1960 ஜூலை 1இல் தொடங்கப்பட்ட சட்டபூர்வ அமைப்பு. சட்டபூர்வ அமைப்புகள் நேரடியாக எடுக்கும் ஊழியர்களுக்கு நாட்டின் வேலை நியமனச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு அந்த அமைப்பின் சொந்த விதிகள். ஆனால் மேடை, ஒலி, விளையாட்டுச் சாவடி என்று வேலையைக் குத்தகைக்கு எடுக்கும் தனியார் நிறுவனம் உங்களை வைத்துக்கொண்டால் வேலை நியமனச் சட்டம் பொருந்தும். மன்றத்தின் டி-சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதால் நீங்கள் மன்றத்து ஊழியர் ஆகிவிட மாட்டீர்கள்.

அந்தச் சட்டத்தின்படி வாரம் 35 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவர் பகுதிநேர ஊழியர். மூன்று மாதம் வேலை செய்த பிறகு ஆண்டு விடுப்பும் மருத்துவ விடுப்பும் உண்டு. முழுநேரக்காரரின் விடுப்பை மணி நேர விகிதத்தில் குறைத்துக் கணக்கிடுவார்கள். சம்பளச் சீட்டு 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். முக்கிய வேலை விதிமுறைகளையும் எழுத்தில் தர வேண்டும். கடிதத்தில் 'தேவைப்படும்போது' என்று மட்டும் எழுதியிருந்தால், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணில் கேளுங்கள். 'தேவைப்படும்போது' என்ற அந்த ஒரு சொல்லில் என் நண்பர் ஒருவர் ஒரு மாதம் 70 மணி நேரமும் அடுத்த மாதம் ஆறு மணி நேரமும் வேலை செய்தார்.

மசேநி யார் வேலைக்கு எடுத்தாலும் உண்டு. நீங்கள் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்து, மாதச் சம்பளம் 50 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டினால் முதலாளி தன் பங்கைக் கட்ட வேண்டும். 500 வெள்ளியைத் தாண்டினால்தான் உங்கள் சம்பளத்திலிருந்தும் பிடிப்பார்கள். "பகுதிநேரத்துக்கு மசேநி இல்லை" என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

குறுகுறுப்புக்கு வருகிறேன். எட்டு ஆண்டுகள் இலவசமாகச் செய்ததை இனிச் சம்பளத்துக்குச் செய்தால் பழைய கூட்டாளிகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், உண்மைதான். என்னையும் பார்த்தார்கள். நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சம்பள நேரத்தில் கழுத்தில் ஊழியர் அட்டை. அட்டையைக் கழற்றிவிட்டால் தொண்டூழியர். அப்போது என்னை நாற்காலி தூக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, நானாகத் தூக்கினால்தான் உண்டு. ஒரே நாளில் இரண்டையும் கலக்காதீர்கள். கலந்தால் முதலில் தொலைவது உங்கள் மிகைநேரக் கணக்கு.

மூத்தோருக்காகக் கும்மி வகுப்பு தொடங்கினோம். அரங்கம் இலவசம், குளிர்சாதனம் உண்டு, தேநீரும் உண்டு. மூன்று பேர்தான் வருகிறார்கள். என்ன குறை?
– நிகழ்ச்சிக் குழு உறுப்பினர், செங்காங்

வகுப்பு எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டுக்குள் இருந்தால், அதுதான் குறை. தொடக்கப் பள்ளி விடும் நேரத்தில் பாட்டிமார்கள் பேரப்பிள்ளையை அழைக்க வாசலில் நிற்பார்கள். காலை ஒன்பதரைக்கு மாற்றுங்கள். சந்தைக்குப் போய்விட்டு, பையோடு வரட்டும். மீன் வாங்கியவர்களுக்காக ஒரு குளிர்பெட்டி வையுங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் வகுப்பில் ஆள் கூடியது அந்தக் குளிர்பெட்டியால்தான்.

அறையின் குளிரைக் குறையுங்கள். கும்மி என்ற பெயரைக் கேட்டுவிட்டு முட்டிவலிக்காரர்கள் பயப்படுவார்கள்; உட்கார்ந்தே கை தட்டலாம் என்று சுவரொட்டியில் எழுதுங்கள். சுவரொட்டியை மன்றத்தில் ஒட்டுவதைவிட மின்தூக்கி வாசலில் ஒட்ட அனுமதி வாங்குங்கள். மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் மனிதர்கள் படிக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போகும் சீன மாது ஒருவர் இருந்தார். வரிசை நடன வகுப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர். மூன்றாம் வாரம் உள்ளே வந்து, நம் கும்மியின் எட்டுத் தட்டுக்கு அவருடைய நடனக் காலடியைச் சேர்த்தார். சொல்லிக்கொடுத்த அம்மாவுக்குக் கோபம். "இது கும்மியே இல்லை" என்றார். எனக்கும் அது கும்மியாகத் தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரம் அந்த மாது தோழிகள் நால்வரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

சாப்பாடு எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டும்?
– பெயர் வேண்டாம்

பதிவு செய்தவர்களில் சிலர் வர மாட்டார்கள், வருகிறவர்கள் பேரனைக் கூட்டி வருவார்கள். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். பதிவு எண்ணிக்கையே போதும். சைவ மேசையைத் தனியாக, தூரமாக, தனிக் கரண்டியோடு வையுங்கள். அசைவம் ஹலால் சான்றிதழ் உள்ள இடத்தில்தான் வாங்க வேண்டும்.

நீங்கள் செய்ததில் பெரிய தவறு எது, அக்கா?
– வாசகி, தெம்பனிஸ்

கோலம். தமிழ்மொழி விழாவுக்காக முந்தின இரவு ஆறு பெண்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கீழ்த்தளத் தரையில் பத்தடிக் கோலம் போட்டார்கள். இழை ஒன்றுகூடக் கோணவில்லை. காலை ஏழு மணிக்கு நான் வந்தபோது தரை பளபளவென்று இருந்தது. துப்புரவு ஊழியர் ஆறரைக்கே கூட்டி, நீர் விட்டுக் கழுவிவிட்டார். பங்ளாதேஷ்காரர், நல்ல மனிதர். "நிறைய மாவு கொட்டிக் கிடந்தது அக்கா, எறும்பு வரும்" என்றார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நகர மன்றத்துக்குக் கடிதம், குழுவுக்குக் கடிதம், பத்திரிகைக்குக் கடிதம் எல்லாம் எழுதிய நான், தினமும் அந்தத் தரையைக் கூட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு எந்த விழாவானாலும் என் ஃபோன் பட்டியலில் முதல் எண் அவருடையது.

பதாகைக்குத் தமிழ் வாசகம் என்னைப் பார்க்கச் சொல்கிறார்கள். நான் ஒன்றும் தமிழாசிரியர் இல்லையே?
– வாசகர், ஜூரோங்

தமிழாசிரியர் வேண்டாம், கண் வேண்டும். நீங்கள் தட்டச்சு செய்து அனுப்புவது சரியாகத்தான் இருக்கும். அச்சகத்தில் அதை வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாது. அவருடைய மென்பொருளும் எழுத்துகளைச் சிதறடிக்கும். 'பொங்கல்' என்பதில் கொம்பும் காலும் பிரிந்து, கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நின்ற எட்டடிப் பதாகை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் சிலதில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் உதிர்ந்து 'பஙகல' என்று முடியும். அந்தப் பதாகைக்கு முன்னால் நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் இன்னும் யார் யாருடைய ஃபோனிலோ இருக்கிறது.

ஆகவே அச்சுக்குப் போகும் கோப்பையே கேட்டு வாங்குங்கள். நீங்கள் அனுப்பியதை மறுபடி படித்துப் பயனில்லை. காகிதத்தில் எடுத்து, எழுத்தின்மேல் விரலை வைத்து, வாய்விட்டுப் படியுங்கள். வட்டாரப் பெயரை இங்குள்ள நாளிதழான தமிழ் முரசு எப்படி எழுதுகிறது என்று பார்த்து அப்படியே எழுதுங்கள். சரி என்று பட்டால் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதி, அந்தக் காகிதத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பதாகை தப்பாக வந்தால் முதலில் ஃபோன் வருவது அச்சகத்துக்கு இல்லை, உங்களுக்கு.