காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?

கேள்வி: தொழிற்சாலையிலோ டேங்கர் லாரியிலோ விஷவாயு கசிந்துவிட்டது, அந்த நேரம் பார்த்து வெட்டவெளியில் நிற்கிறோம் என்றால் என்ன செய்வது? தீப்பிடித்தால் தரையோடு தவழச் சொல்கிறார்களே, இதற்கும் அதேதானா?

பதில்: இல்லை, குனியவே குனியாதீர்கள். தீயில் சூடான புகை மேலே போகும், அதனால் தவழச் சொல்கிறார்கள். குளோரின் அப்படியில்லை, காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து பள்ளம், வாய்க்கால், சுரங்கப்பாதை என்று தாழ்ந்த இடமாகப் பார்த்துத் தேங்கும். 1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டும் கனமான வாயுதான். உயரம் குறைவு என்பதால் குழந்தைகள் அதை அதிகமாகச் சுவாசித்தார்கள். அந்தக் குழந்தைகளை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. கூடக் குழந்தை இருந்தால் முதலில் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்தப் பக்கம் போவது? மரக்கிளையையோ கொடியையோ புகையையோ பார்த்தால் காற்றின் திசை தெரிந்துவிடும். வாயு காற்றோடு நீளமாக, வால் மாதிரி இழுத்துக்கொண்டு போகும், அகலம் அவ்வளவு இருக்காது, அதனால் காற்றுக்குக் குறுக்கே நடந்தால்தான் சீக்கிரம் வெளியே வரலாம். காற்று போகும் பக்கமே ஓடினால் அது துரத்திக்கொண்டே வரும், மூச்சு வாங்க வாங்க இன்னும் அதிகமாக உள்ளே இழுப்பீர்கள். காற்றை எதிர்த்துப் போவதும் நல்லதுதான், ஆனால் கசிகிற இடம் வழியில் இருக்கக் கூடாது. மேடான பக்கம் கிடைத்தால் அதை விடாதீர்கள். ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொள்வது குளோரின், அம்மோனியாவுக்குக் கொஞ்சம் உதவும், அதை நம்பி அங்கேயே நிற்க முடியாது. தப்பிக்க வழியில்லையென்றால் பக்கத்துக் கட்டடத்துக்குள் போய் ஜன்னலைச் சாத்தி, ஏசியை அணைத்து, மேல்மாடிக்கு ஏறுங்கள்.

நாற்றம் நின்றுவிட்டதே என்று மட்டும் திரும்பி வந்துவிடாதீர்கள். அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும், வாடை தெரியாது, வாயு அங்கேயே இருக்கும்.

கேள்வி: வெளியே வந்தபின் முதலில் குளிப்பதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா?

பதில்: மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை மற்றதைப் பாருங்கள். முதலில் உடுப்பைக் கழற்றுங்கள், மேலே பட்டதில் பெரும்பகுதி அதோடு போய்விடும். டீ-ஷர்ட்டைத் தலை வழியாக உருவாமல் வெட்டி எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். அப்புறம் சோப்பும் நிறையத் தண்ணீரும். கண்ணைக் கசக்காமல் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றினாலும் டாக்டரைப் பாருங்கள், ஏனென்றால் பாஸ்ஜீன் போன்ற வாயுவில் நுரையீரலில் நீர் கோப்பதே பல மணி நேரம் கழித்துத்தான்.